மூக்குத்திக்கு எக்ஸ்ரே

மூக்குக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூக்குத்திக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன ஒரே ஆசாமி அனேகமாக நானாகத்தான் இருப்பேன். அதுவும் பி.காம். படித்துவிட்டு.

விஷயம் இதுதான். அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். காலேஜ், ஹாஸ்டல் என்று ஒரு தொகை தேவைப்பட்டது. அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, முகத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு பதினெட்டு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னார்.

"பேசாம அந்த வைரத்தைக் குடுத்துடலாமா?"

அந்த வைரம் என்பது அக்காவின் மூக்குத்தி. ஒற்றைக் கல். 2007-ல் அவள் கல்யாணத்தில் போட்டது. 'வைரம் போட்டு வந்த மருமக' என்று அவள் மாமியார் சாகும்வரை தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட கல்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆசாரியிடம் கொடுத்துக் கல்லைத் தனியே கழற்றி, பேப்பரில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"கடையில காட்டாத தம்பி. கடைக்காரன் ஒண்ணு இருக்க ஒண்ணு சொல்லுவான். மெட்ராஸ்ல நம்ம மாமன் மகன் ஏதோ வைரத்துல ஆராய்ச்சி பண்றான்ல, அவன்கிட்ட காட்டிட்டு வா. என்ன சொன்னாலும் மொதல்ல என்கிட்ட மட்டும் சொல்லு."

கடைசி வரியை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. கணக்குப் பிள்ளைக்கு எண்களில்தான் கவனம்.

* * *

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் பக்கம். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள், நிற்க மாட்டார்கள். அந்த மலைமேல் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை இருக்கிறது. சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். இரண்டாயிரம் வருஷப் பழைய எழுத்து ஒரு படுக்கையில் இருக்கிறது. தொட்டுப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். கல் தேய்ப்பது எங்கள் பக்கத்துக்கு ரொம்பப் பழைய தொழில் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

என் சின்ன வயசில் புதுக்கோட்டை, திருச்சி மாவட்டக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு கல் பட்டறை இருந்தது. அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை. குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தால் ஒரு பட்டை. கொஞ்சம் திருப்பினால் இன்னொரு பட்டை. சரியான வட்டக் கல் என்றால் 57 பட்டை. கல்லோ அரிசிக் குருணை சைஸ். கூலி, எண்ணிக் கொடுக்கும் கல்லுக்கு.

1991-ல் மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அம்மாவும் ஒருத்தி. அம்மா எழுத்தைப் பாதியில் விட்டாள், சைக்கிளை விடவில்லை. அந்தச் சைக்கிளில்தான் அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போனாள். அப்பா ஏற்கெனவே அங்கே முன்பணம் வாங்கியிருந்தார். அது கழிகிற வரை வேறு பட்டறைக்கும் போக முடியாது, வீட்டிலும் இருக்க முடியாது. அது கழிந்ததாகச் சரித்திரமும் இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் அவள் விரல் நுனியில் ரேகை இருக்காது. கல்லோடு கல்லாக அதுவும் தேய்ந்திருக்கும். சோறு பிசையும்போது குழம்பு பட்டால் 'ஸ்ஸ்' என்பாள். நான் எதிரே உட்கார்ந்து பாடம் படிப்பேன்.

2004-லிருந்து 2007 வரை நான் பி.காம். படித்தேன். ஃபீஸ், பஸ் பாஸ், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம், ஒரு பேண்ட். எல்லாம் அந்த விரல் நுனியிலிருந்து வந்தது. நான் கிளாஸில் 'தேய்மானம்' என்ற தலைப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்திரத்துக்கு வருஷம் பத்து சதவீதம் தேய்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். விரலுக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.

அக்கா கல்யாணம் நிச்சயமானபோது பட்டறை முதலாளி சில மாசக் கூலி பாக்கி வைத்திருந்தார். அதற்கு ஈடாக, "இது அசல் வைரம்மா. உனக்காகத்தான்" என்று ஒரு கல்லைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படி வந்ததுதான் மூக்குத்தி.

கொஞ்ச வருஷத்தில் எந்திரத்தில் பட்டை போட்ட கற்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. சக்கரங்கள் இரும்புக் கடைக்குப் போயின.

* * *

மாமன் மகன் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்காக உழைக்கிறான். தலைப்பு, வைரப் படலத்தின் அணு அமைப்பை எக்ஸ்ரே மூலம் ஆராய்வது.

"இந்தா மச்சான், இதான் வைரம்" என்று ஒரு டப்பியைத் திறந்து காட்டினான். உள்ளே கரிபிடித்த தோசைக்கல்லில் ஒரு துண்டை உடைத்து வைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தகடு.

"மாப்ளே, என்னை வெச்சு விளையாடாதே."

"சத்தியமா. அடியில இருக்கறது சிலிக்கன். மேல ஒட்டியிருக்கற படலம் மொத்தமும் வைரம். நம்ம முடி இருக்குல்ல, அந்தக் கனம்கூட இல்ல. உள்ளே லட்சக்கணக்குல குட்டிக் குட்டி வைரப் படிகம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிக்கறதால வெளிச்சம் சிதறிடும். பளபளப்பு வராது."

செய்யும் விதத்தையும் சொன்னான். ஒரு கலத்தில் காற்றை உறிஞ்சிவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு மீத்தேனும் விடுகிறார்கள். மீத்தேன் என்றால் சாண எரிவாயுவில் இருக்கிறதே, அதே சரக்கு. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் அதே ஜாதி அலையை உள்ளே பாய்ச்சினால் வாயு கொதித்து ஒளிவிடும் பிளாஸ்மா உருண்டையாகிறது. எண்ணூறு டிகிரிச் சூட்டில் இருக்கும் தகட்டின்மேல் மீத்தேனிலிருந்து பிரிந்த கார்பன் வந்து உட்காருகிறது. உட்காரும் கார்பன் பென்சில் கரியாகவும் ஆகலாம், வைரமாகவும் ஆகலாம். ஹைட்ரஜன் அணுக்கள் கரியைச் சீக்கிரம் அரித்துத் தின்றுவிடும். வைரத்தை அவ்வளவாகத் தொடாது. மிஞ்சுவது வைரம். மணிக்கு ஒரு மைக்ரான் வளர்ந்தாலே சந்தோஷம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"சும்மா வெச்சா சிலிக்கன்ல வைரம் முளைக்காது மச்சான். முதல்ல வைரப் பொடியால லேசா தேய்க்கணும். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி."

ஆக, இங்கேயும் தேய்ப்புதான்.

இந்தப் படலம் நகைக்கு ஆகாது. ஆனால் வெட்டும் கருவியின் முனையில் பூசினால் முனை மழுங்காது. வைரம் செம்பைவிட ஐந்து மடங்குக்குக் கிட்ட வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால், சூடாகிற எலெக்ட்ரானிக் சாதனங்களுக்கு அடியில் வைக்கிறார்கள்.

"சரி, கரி வரலை, வைரம்தான் வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் எக்ஸ்ரே."

கண்ணாடிக் கதவு போட்ட பீரோ மாதிரி ஒரு மிஷின். நடுவில் தகட்டை வைத்தான். ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், எதிர்ப் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் கருவி. பட்டனைத் தட்டியதும், சீர்வரிசையில் மனஸ்தாபம் வந்த சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே மெல்ல வளைந்து நகர்ந்தன.

தத்துவம் இதுதான். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, ஸ்கூல் பிரேயரில் நிற்கிற மாதிரி. எக்ஸ்ரே ஒவ்வொரு வரிசையிலும் பட்டுத் திரும்புகிறது. ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் எல்லா வரிசையிலிருந்தும் திரும்புகிற அலைகள் கைகோர்த்துக்கொண்டு பலமாக வருகின்றன. அந்தக் கோணத்தை அளந்தால் வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுவிடலாம். பிராக் என்ற அப்பாவும் மகனும் கண்டுபிடித்த வழி. 1913-ல் அவர்கள் இப்படி அமைப்பைக் கண்டுபிடித்த ஆரம்பப் படிகங்களில் வைரமும் ஒன்று. ஒவ்வொரு கார்பன் அணுவும் நாலு பக்கமும் நாலு கார்பனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வைரத்தின் பலமெல்லாம் அந்தப் பிடியில்தான்.

கம்ப்யூட்டர் திரையில் கோடு தட்டையாகவே போய்க்கொண்டிருந்தது. 26-ஐத் தாண்டியபோது மாப்பிள்ளை மூச்சு விட்டான்.

"பென்சில் கரியா இருந்தா இருபத்தாறரை டிகிரில எகிறியிருக்கும். எகிறலை."

44 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னால் கோடு விருட்டென்று கோபுரம் மாதிரி எழும்பி இறங்கியது.

"வந்துட்டாரு! வைரம். வரிசை இடைவெளி 2.06 ஆங்ஸ்ட்ராம்." ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிக் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு ஆங்ஸ்ட்ராம். கோடி என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அப்புறம் 75 டிகிரியில் ஒன்று, 91-ஐத் தாண்டி இன்னொன்று.

"கோபுரம் எங்க நிக்குதுன்னு மட்டும் பார்க்க மாட்டோம். அகலமா இருந்தா உள்ள படிகம் ரொம்பப் பொடின்னு அர்த்தம். நின்ன இடத்துலேர்ந்து ஒரு நூல் நகர்ந்திருந்தா, படலம் இழுபட்டோ நசுங்கியோ கிடக்குன்னு அர்த்தம். ஆறும்போது சிலிக்கன் ஒரு மாதிரி சுருங்கும், வைரம் ஒரு மாதிரி சுருங்கும். புருஷன் பெண்சாதி மாதிரி. வெளியே தெரியாது, உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். இதுக்கு மட்டும் தெரியும்."

ஒன்றைப் புரிந்துகொண்டேன். நம்ம ஊரில் 'செயற்கை வைரம்' என்று ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. இவன் வளர்ப்பது கூடத்தில் பிறந்தாலும் நிஜ வைரம். பூமிக்குள் பிறந்ததும் இதுவும் எக்ஸ்ரேயில் ஒரே கோணத்தில்தான் கோபுரம் கட்டும். எக்ஸ்ரே அப்பன் பேரைக் கேட்பதில்லை. 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு இப்படி வைரம் வளர்ப்பதற்காகவே சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மையத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் அக்கா தேய்த்த அமெரிக்கன் டைமண்ட் அது இல்லை. அதில் கார்பனே கிடையாது. ஜிர்கோனியா. 1970-களில் மாஸ்கோவில் அதைப் பெரிய அளவில் வளர்க்க வழி கண்டார்கள். பிறப்பு ரஷ்யா, பெயர் அமெரிக்கா, பட்டை அன்னவாசல்.

சட்டைப் பையில் பேப்பர் மடிப்பு கனத்தது.

* * *

"இதையும் அதுல வெச்சுப் பாரேன்" என்றேன்.

"ஒத்தைக் கல்லு இந்த மிஷின்ல சரியா வராது மச்சான். பொடி பண்ணிக்கலாமா?"

"டேய்!"

சிரித்தான். "நகைக் கடையில ஒரு பேனா வெச்சிருப்பான், ரெண்டு செகண்ட்ல சொல்லிடும்" என்றான். கடை கூடாது என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, உடைந்து ஒதுக்கிய சின்ன வைரச் சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைப் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போனான். அவனுடைய சிநேகிதர் பல் டாக்டர்.

"யாருக்குக் கேப் போடணும்?" என்றார் டாக்டர்.

விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். சில்லையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்லுக்கு எடுக்கிற மாதிரியே ஒரு படம் எடுத்தார். மாப்பிள்ளை முன்கூட்டியே விளக்கினான். கார்பன் அணுவில் ஆறே ஆறு எலெக்ட்ரான். எக்ஸ்ரே சுலபமாகத் தாண்டிப் போய்விடும். ஜிர்கோனியம் அணுவில் நாற்பது. தடுத்துவிடும். அதனால் நிஜ வைரம் என்றால் படத்தில் இருப்பதே தெரியாது. போலி என்றால் பளிச்சென்று தெரியும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

திரையில் சில்லு இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு நிழல். அக்காவின் கல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

டாக்டர் ஆறுதலாக, "நல்ல ஜிர்கோனியா சார். நாங்க பல்லுக்குப் போடற கேப்கூட இந்தச் சரக்குலதான் பண்றோம்" என்றார்.

* * *

ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. வழியனுப்ப வந்த மாப்பிள்ளை என் மனசைத் திருப்புவதற்காகச் சொன்ன கதை மனசில் ஓடிக்கொண்டிருந்தது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமனுக்கு வைரம் என்றால் உயிராம். பெங்களூரில் வைரங்களைச் சேர்த்து சேர்த்து ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ஜி.என்.ராமச்சந்திரன் 1944-ல் வைரத் தகடுகளை எக்ஸ்ரேயால் படமெடுத்து, உள்ளே எந்த இடத்தில் அணு வரிசை பிசகியிருக்கிறது என்று காட்டினார். பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அதே எக்ஸ்ரே வித்தையை வைத்து நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் முப்புரியாக முறுக்கியிருப்பதைச் சொல்லி உலகப் புகழ் பெற்றார்.

அதாவது வைரத்தின் தோஷத்துக்கு வரைபடம் போட்டவர். நம் பாட்டிமார்கள் தலைமாட்டில் மூணு ராத்திரி வைத்து, கெட்ட கனா வருகிறதா என்று பார்த்த அதே தோஷம். "இப்ப தோஷம் உள்ள வைரத்துக்குத்தான் மச்சான் கிராக்கி. கார்பன் இருக்க வேண்டிய இடத்துல ஒரு நைட்ரஜன், பக்கத்துல ஒரு காலி இடம். அந்தக் குறையை வெச்சே ரொம்ப நுணுக்கமான காந்தப் புலத்தை அளக்கறாங்க" என்றிருந்தான்.

அதெல்லாம் சரி. அக்காவிடம் எப்படிச் சொல்வது?

காலையில் போய்ச் சேர்ந்தபோது மாமா வயலுக்குப் போயிருந்தார். அக்கா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எச்சிலை முழுங்கி, "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஜிர்கான்தானே?" என்றாள். பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் திருதிருவென்று விழித்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா. பதினோரு வருஷம் தேய்ச்சவளுக்குத் தெரியாதா? வைரம் எங்க சக்கரத்துக்கு மசியுமா?" கல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அடிப்பக்கம் பாரு, ஒரு பட்டை துளி வலப்பக்கமா சாஞ்சிருக்கும். அது என் கை. நான் போட்ட பட்டையவே எனக்குக் கூலியா குடுத்தாரு மவராசன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"அம்மா மொகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்ல கேட்டதுல ஒரு பவுன் குறைஞ்சுது. அதுக்கு ஈடா இது நின்னுச்சு. சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். அப்புறம் எங்க மாமியா அது மேல அம்புட்டு பெருமை வெச்சிருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

"தெரிஞ்சும் ஏன் என்னை மெட்ராஸுக்கு அனுப்பினே?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் சொன்னா அவரு ஏன்னு கேப்பாரு. படிச்சவன் நீ. மிஷின்ல வெச்சுப் பார்த்தோம்னு நீ சொன்னா கேட்டுக்குவாரு. வைரத்துல தோஷம் இருக்கு, விக்கறது குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லு. போதும்."

பாருங்கள், எட்டாவது படித்த அக்கா, எக்ஸ்ரேயை எப்படி உபயோகிக்க வேண்டும் என்று பி.காம். படித்தவனுக்குச் சொல்லித் தருகிறாள்.

மாமா வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, எக்ஸ்ரேயில பார்த்தாச்சு. உள்ளே ஒரு இடத்துல அணு வரிசை சாஞ்சிருக்கு. தோஷம்" என்றேன். பட்டை சாய்ந்திருந்தது உண்மை என்பதால் கால்வாசிப் பொய்தான்.

மாமா பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லவேளை, இன்னொருத்தர் தலையில கட்டப் பார்த்தமே" என்றார். அவ்வளவு நல்ல மனுஷரிடம் பொய் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதிக்க. உன் மாமா என்னிக்குப் புஸ்தகம் படிச்சாரு?" என்றாள்.

காலேஜ் ஃபீஸை நான் கட்டினேன். அக்கா வேண்டாம் என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மருமகள் பிசிக்ஸ் எடுத்திருக்கிறாள். பி.காம்.தான் உத்தமம் என்ற என் யோசனையை யாரும் சட்டை செய்யவில்லை.

ஆசாரி கல்லைத் திரும்பப் பதித்துக் கொடுத்துவிட்டார். அக்கா மூக்கில் அது பழையபடி மின்னுகிறது.

நான் வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுகிறவன். அன்றைக்குச் செலவுப் பக்கத்தில் 'மருமகள் காலேஜ் ஃபீஸ்' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை அடித்தேன். 'அக்காவிடம் 2004-ல் வாங்கிய கடன், முதல் தவணை' என்று எழுதி வைத்தேன்.